உங்கள் முதலாளி யார்?



தொலைபேசித் துறையில் ஒருவருக்கு வேலை கிடைத்துவிட்டால், ஓய்வு பெறும் நாள்வரை அவருக்குக் கவலை இல்லை என்று நம் பெரியவர்கள் சொன்ன காலம் ஒன்று இருந்தது. சிங்கப்பூரில் அப்போது இணைப்புக் கொடுப்பதும், கம்பி இழுப்பதும், பழுது பார்ப்பதும் ஓர் அமைப்பின் கையிலேயே இருந்தன. 1974-ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தொலைபேசி வாரியம் தொலைத்தொடர்பு ஆணையத்துடன் இணைந்தது. 1982-இல் அஞ்சல் துறையும் அதனுடன் சேர்ந்தது. 1992-இல் தொலைத்தொடர்புச் சேவைகள் சிங்டெல் நிறுவனத்தின் பொறுப்பாயின. 1997-இல் எம்ஒன் கைத்தொலைபேசிச் சேவையைத் தொடங்கிப் போட்டிக்கு வந்தது. 2000-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி இத்துறை போட்டிக்கு முழுமையாகத் திறந்துவிடப்பட்டது. ஸ்டார்ஹப் நிறுவனமும் அப்போதுதான் சேவையைத் தொடங்கியது.

போட்டி வந்ததும் வேலையும் பல கைகளுக்குப் பிரிந்தது. மாதந்தோறும் நமக்குப் பில் அனுப்புவது ஒரு நிறுவனம். நிலத்தடிக் குழாயில் கேபிள் இழுப்பது ஒரு குத்தகை நிறுவனம். வீட்டுக்கு வந்து பெட்டியைப் பொருத்திவிட்டுப் போகிறவர் வேறொரு குத்தகையாளரின் ஆள். "என்ன உதவி வேண்டும்?" என்று தொலைபேசியில் கேட்பவர் நான்காவது நிறுவனத்தின் ஊழியராக இருக்கலாம். ஆகவே, இன்று இத்துறையில் நுழைய விரும்பும் இளைஞர்களில் பலர் வேலைவாய்ப்பு முகவையின் வாசலைத்தான் முதலில் மிதிக்கிறார்கள்.

அதில் தவறு ஒன்றுமில்லை. எந்த நிறுவனத்துக்கு எப்போது ஆள் தேவை என்பது முகவைக்குத் தெரியும். ஆனால், கையெழுத்துப் போடும் முன் ஒரு கேள்விக்கு மட்டும் தெளிவான விடை பெற்றாக வேண்டும். "என் முதலாளி யார்?" என்பதே அந்தக் கேள்வி. இன்றைய பேச்சு முழுவதும் இந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான்.

முகவை வழியாக வரும் வேலை மூன்று வகைப்படும்.

முதல் வகையில், முகவை உங்களை நிறுவனத்திடம் அறிமுகம் செய்து வைக்கிறது. நிறுவனம் உங்களை நேரடியாக வேலைக்கு அமர்த்துகிறது. கல்யாணத் தரகர் பெண்ணையும் மாப்பிள்ளையையும் சேர்த்து வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதைப் போல, முகவையின் வேலை அத்துடன் முடிந்துவிடும். உங்கள் முதலாளி அந்தத் தொலைத்தொடர்பு நிறுவனமே.

இரண்டாம் வகையில், முகவையே உங்களை வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. நீங்கள் வேலை பார்க்கும் இடம் தொலைத்தொடர்பு நிறுவனமாக இருக்கும். உங்கள் சட்டையிலும் அட்டையிலும் அதன் சின்னமே இருக்கலாம். அன்றாட வேலையைச் சொல்லுகிறவரும் அந்நிறுவனத்தின் மேற்பார்வையாளராகவே இருக்கலாம். ஆனால் சம்பளம் கொடுப்பதும், விடுப்புக் கொடுப்பதும், வேலையை விட்டு நிறுத்துவதும் முகவைதான். பெரும்பாலும் ஆறு மாதம் அல்லது ஓராண்டு என்று தவணை குறிப்பிட்ட ஒப்பந்தமாக இது இருக்கும்.

மூன்றாம் வகையில்தான் மிகுந்த கவனம் தேவை. "ஒரு வீட்டுக்கு இணைப்புக் கொடுத்தால் இவ்வளவு வெள்ளி" என்று பேசி, உங்களைச் சுயதொழில் செய்பவர் என்று எழுதி வாங்கிக்கொள்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் மாதக் கடைசியில் கைக்கு வரும் தொகை பெரிதாகத் தெரியும். ஆனால், இங்கே உங்களுக்கு முதலாளி என்று ஒருவரும் இல்லை.

இந்த வேறுபாட்டினால் என்ன நேர்ந்துவிடப் போகிறது என்று சிலர் கேட்கலாம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, மத்திய சேமநிதி. 55 வயது வரை உள்ள ஊழியருக்கு, சம்பளத்தில் நூற்றுக்கு 17 பங்கை முதலாளி தம் கையிலிருந்து செலுத்துகிறார். ஊழியரின் பங்கு நூற்றுக்கு 20. சுயதொழில் செய்பவருக்கு அந்த 17 பங்கு கிடையாது. அத்துடன், அவருடைய ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளிக்கு மேல் போனால் மெடிசேவ் கணக்குக்கு அவரே பணம் கட்ட வேண்டும். பெரிதாகத் தெரிந்த அந்த வருமானத்தில் இவற்றைக் கழித்துப் பார்த்த பிறகே, எந்த வேலை இலாபம் என்று முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது, விபத்து. தொலைத்தொடர்பு வேலை ஆபத்தற்றது என்று எண்ணிவிடக் கூடாது. கட்டடத்தின் மேல்தளத்தில் ஏறி ஆண்டெனா பொருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். சாலைக்கு அடியிலுள்ள மேன்ஹோல் குழிக்குள் இறங்கி கேபிள் இணைக்கிறவர்களும் இருக்கிறார்கள். மூன்று மீட்டருக்கு மேல் விழக்கூடிய உயரத்தில் அபாயமான வேலை செய்வதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும் என்பது சட்டம். மேன்ஹோல் போன்ற அடைபட்ட இடத்தில் இறங்கும் முன் உள்ளே இருக்கும் காற்றைச் சோதிக்க வேண்டும் என்பதும் சட்டம். இத்தனைக்குப் பிறகும் விபத்து நேர்ந்தால், 2019-ஆம் ஆண்டின் வேலைக்காய இழப்பீட்டுச் சட்டப்படி மருத்துவச் செலவு, மருத்துவ விடுப்புக் காலச் சம்பளம், நிரந்தர ஊனத்துக்கான தொகை ஆகியவற்றுக்கு முதலாளியே பொறுப்பு. உடலுழைப்பு வேலை செய்யும் ஊழியர் அனைவருக்கும், சம்பளம் எவ்வளவாயினும், அவர் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். சுயதொழில் செய்பவருக்கு இந்தச் சட்டத்தின் நிழல் கிடையாது. ஏணியிலிருந்து விழுந்து மூன்று மாதம் படுத்துவிட்டால், குடும்பத்துக்கு யார் சோறு போடுவது?

மூன்றாவது, விடுப்பு. வேலை நியமனச் சட்டப்படி மூன்று மாதம் வேலை செய்தவருக்குச் சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுப்பு உண்டு. முதலாண்டில் ஏழு நாள்; பிறகு ஆண்டுக்கு ஒரு நாள் கூடி 14 நாள் வரை உயரும். ஒப்பந்தம் முடிந்து, சில நாள் இடைவெளி விட்டு, மறுபடியும் புதிய ஒப்பந்தம் போட்டால், இந்தக் கணக்கு மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குமா? 14 நாளோ அதற்கு மேலோ நீடிக்கும் ஒப்பந்தம் முடிந்து, ஒரு மாதத்துக்குள் புதுப்பிக்கப்பட்டால், அதைத் தொடர்ச்சியான சேவையாகக் கருத வேண்டும் என்று முத்தரப்பு வழிகாட்டி நெறிகள் கூறுகின்றன. உங்கள் முகவை அப்படிக் கருதுகிறதா என்று தொடக்கத்திலேயே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நான்காவது, வேலை நிறுத்தம். தொலைத்தொடர்பு நிறுவனத்தின் திட்டம் முடிந்துவிட்டால் நீங்கள் என்ன ஆவீர்கள்? ஒப்பந்தம் முடியும் நாள் வரை சம்பளம் உண்டா, வேறு இடத்துக்கு அனுப்புவார்களா, முன்னறிவிப்பு எத்தனை நாள் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். முன்னறிவிப்பைப் பற்றி ஒப்பந்தம் ஒன்றும் கூறாவிட்டால், 26 வாரத்துக்குக் குறைவான சேவைக்குச் சட்டம் தருவது ஒரே ஒரு நாள். 26 வாரம் முதல் இரண்டாண்டு நிறைவதற்குள் ஒரு வாரம். வீட்டுக் கடன் கட்டும் ஒருவருக்கு ஒரு நாள் அறிவிப்பு எம்மட்டு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஓர் ஆறுதலான செய்தியும் உண்டு. தாளில் "சுயதொழில்" என்று எழுதியதனால் மட்டுமே ஒருவர் சுயதொழில் செய்பவராகிவிட மாட்டார். வேலை நேரத்தை வகுப்பவர் யார், கருவிகளைக் கொடுப்பவர் யார், எப்படிச் செய்ய வேண்டும் என்று கட்டளையிடுபவர் யார், இலாப நட்டம் யாருடையது என்பவற்றையெல்லாம் பார்த்தே அது முடிவு செய்யப்படும். ஆனாலும், பின்னால் வழக்காடுவதைவிட முன்னால் கேட்டுக்கொள்வது எளிது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சும்மாவா சொன்னார்கள்?

இனி, முகவையைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பார்ப்போம். பிறருக்கு வேலை தேடிக் கொடுக்கும் முகவை மனிதவள அமைச்சின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உங்களோடு பேசி வேலை பார்த்துத் தரும் பணியாளரும் அமைச்சில் பதிவு செய்திருக்க வேண்டும். இரண்டையும் அமைச்சின் இணையத்தளத்திலுள்ள முகவைப் பட்டியலில் எவரும் சில நிமிடங்களில் சரிபார்த்துக்கொள்ளலாம். உள்ளூர் ஊழியருக்கான கட்டணத்தைப் பெரும்பாலும் வேலை கொடுக்கும் நிறுவனமே செலுத்திவிடும். புதிதாக வேலையில் சேரும் ஊழியரிடம் முகவை கட்டணம் கேட்டாலும் அதற்கு வரம்பு உண்டு. ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம், எல்லாம் சேர்த்து இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் போகக் கூடாது. "முதலில் பணம் அனுப்புங்கள், பிறகு வேலை" என்று கைத்தொலைபேசியில் செய்தி வந்தால், அது வேலையன்று, வலை. சிங்பாஸ் மறைச்சொல்லை எவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஐயம் எழுந்தால் 1799 என்னும் மோசடித் தடுப்பு உதவி எண்ணை அழைக்கலாம்.

இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் விவரக் குறிப்பை எந்த நிறுவனத்துக்கு அனுப்பினாலும் உங்களைக் கேட்ட பிறகே அனுப்ப வேண்டும் என்று முகவையிடம் சொல்லிவிடுங்கள். ஒரே வேலைக்கு இரண்டு முகவைகள் உங்கள் பெயரை அனுப்பிவிட்டால், யாருக்குக் கட்டணம் கொடுப்பது என்ற வம்பு எதற்கு என்று நிறுவனம் உங்களை ஒதுக்கிவிடக்கூடும்.

விவரக் குறிப்பில் "தொலைத்தொடர்பில் அனுபவம் உண்டு" என்று எழுதினால் போதாது. கண்ணாடி இழை ஒன்றின் பருமன் 125 மைக்ரான். அதாவது நம் தலைமயிரின் பருமனை ஒத்தது. அதன் நடுவே ஒளி செல்லும் பாதை சுமார் 9 மைக்ரான்தான். அதில் ஒரு தூசி ஒட்டினாலும் ஒளி தடைப்படும். இப்படிப்பட்ட இழைகளை உருக்கி ஒட்டும் ஃபியூஷன் ஸ்பிளைசர் கருவியை இயக்கத் தெரியுமா? எங்கே முறிவு என்று கண்டுபிடிக்கும் ஓடிடிஆர் கருவியின் வரைபடத்தைப் படிக்கத் தெரியுமா? உயரத்தில் வேலை செய்யும் பயிற்சிச் சான்றிதழ் இருக்கிறதா? இவற்றைப் பெயர் சொல்லி எழுதுங்கள். 3ஜி சேவை 2024-இல் சிங்கப்பூரிலிருந்து விடைபெற்றது. இன்று நிறுவனங்கள் தேடுவது 5ஜி நிலையங்களையும் கண்ணாடி இழைக் கட்டமைப்பையும் பராமரிக்கத் தெரிந்தவர்களை. முகவை தரும் ஓராண்டு வேலையில் இப்படி ஒரு கருவியைக் கற்றுக்கொண்டால், ஒப்பந்தம் முடிந்தாலும் அந்தக் கைத்தொழில் உங்களோடு வரும்.

கருவியைப் பற்றிப் பேசும்போது ஒரு செய்தி. ஸ்பிளைசர் விலை உயர்ந்த பொருள். அது தவறி விழுந்து உடைந்தால் மாதச் சம்பளம் முழுவதையும் பிடித்துவிட முடியாது. உங்கள் விளக்கத்தைக் கேட்ட பிறகே, அதுவும் ஒரு மாதச் சம்பளத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்படாமல், ஒரே ஒரு முறை பிடிக்கலாம் என்கிறது வேலை நியமனச் சட்டம்.

2016 ஏப்ரல் முதல், முதலாளி வேலை நியமனத்தின் முக்கிய விதிமுறைகளை எழுத்தில் கொடுக்க வேண்டும். வேலையில் சேர்ந்த 14 நாளுக்குள் அது கைக்கு வர வேண்டும். சம்பளச் சீட்டும் விவரத்தோடு தரப்பட வேண்டும். அந்தத் தாள் வந்ததும் அதன் தலைப்பில் யார் பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அந்தப் பெயர்தான் உங்கள் முதலாளி. பிறகு அடிப்படைச் சம்பளம், வேலை நேரம், மிகைநேர ஊதியம், விடுப்பு, முன்னறிவிப்பு ஆகியவற்றைப் படியுங்கள். புரியாத வரி இருந்தால் வீட்டுக்கு எடுத்துச் சென்று, தெரிந்தவரிடம் காட்டிவிட்டு மறுநாள் கையெழுத்திடுங்கள். ஒரு நாள் பொறுக்க மாட்டேன் என்கிற முகவை, ஓராண்டு உங்களை எப்படி நடத்தும்?

சம்பளம் வராவிட்டால் முத்தரப்புச் சச்சரவு நிர்வாகக் கூட்டணியிடம் முறையிடலாம். வேலையை விட்டவர்கள் ஆறு மாதத்துக்குள் முறையிட வேண்டும். ஆகவே, சம்பளச் சீட்டையும், வேலைக்குப் போன நாள்களின் குறிப்பையும் பத்திரமாக வைத்திருங்கள்.

முகவையை மட்டுமே நம்பி இருக்கவும் வேண்டாம். மைகேரியர்ஸ்ஃபியூச்சர் என்னும் இணையத்தளத்தில் வேலைகளும் அவற்றின் சம்பள அளவும் வெளிப்படையாக உள்ளன. அதைப் பார்த்துவிட்டுப் போனால், முகவை சொல்லும் சம்பளம் நியாயமானதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை பெரிய நிறுவனத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் புறப்படும்போது மனம் குளிர்வது இயல்பு. அந்த மகிழ்ச்சியோடு, "தம்பி, உன் ஒப்பந்தத்தில் யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். அவர் உடனே பதில் சொன்னால், விவரமான பிள்ளை என்று மகிழுங்கள். விழித்தாரானால், அன்று மாலையே அந்தத் தாளை எடுத்து இருவரும் சேர்ந்து படியுங்கள்.