கத்தியைத் தீட்டலாம், வடிவத்தை மாற்றலாமா?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

லிஃப்ட், தண்ணீர் லாரி, பார்க்கிங் எல்லாம் பேசி அலுத்துவிட்டது, வீட்டுக்குள் இருக்கும் ஏதாவது ஒரு சாமானைப் பற்றிப் பேசுங்களேன் என்று செயலாளர் கேட்டார். டூல் ரூமில் முப்பது வருடம் இரும்போடு பழகியவன் நான். அதனால் கத்தியை எடுத்துக்கொண்டேன்.

அதற்கு ஒரு காரணமும் உண்டு. நம் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீட்டம்மா படம் போட்டிருந்தார். ஏறக்குறைய நாலாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய சமையல் கத்தி, முனை உடைந்துபோனது. கேட்டுக்கு வரும் சாணைக்காரரிடம் கொடுத்துப் புது முனை எடுத்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதன் பிறகு கூர் நிற்கவில்லை. நாலு நாளைக்கு ஒருமுறை தீட்ட வேண்டியதாயிற்று. கம்பெனிக்கு எழுதினார்கள். "கத்தியின் வடிவம் மாற்றப்பட்டிருக்கிறது, வாரண்டி பொருந்தாது" என்று ஒரு வரியில் பதில். குரூப்பில் எல்லாரும் கம்பெனியைத் திட்டித் தீர்த்தோம். அந்தப் பதிலில் நியாயம் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. இன்றைக்கு அதைக் கேட்போம்.

நம் பாட்டி வீட்டு அரிவாள்மணையும் மடங்காத கத்திதான். அது தேய்ந்தால் கொல்லர் பட்டறைக்குப் போகும். அவர் உலையில் காய்ச்சி, அடித்து, வடிவம் திருத்தி, கடைசியில் தோய்ச்சல் போட்டுத் தருவார். தோய்ச்சல் என்றால் பழுக்கக் காய்ச்சிய இரும்பைச் சட்டென்று குளிரவைத்து இறுக வைப்பது. வடிவம் மாறினாலும் உறுதி திரும்ப ஏறிவிடும். கத்தியை எப்படி வேண்டுமானாலும் திருத்தலாம் என்ற பழக்கம் நமக்கு அங்கிருந்து வந்ததுதான். கேட்டில் நிற்கும் சாணைச் சக்கரத்தில் உலை கிடையாது. அங்கே வடிவம் மட்டும்தான் மாறும், உறுதி திரும்ப வராது.

இப்போது கடையில் வாங்கும் நல்ல சமையல் கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். பல ஜெர்மன் கத்திகளில் எக்ஸ்50 என்று தொடங்கும் ஒரு குறியீடு பொறித்திருக்கும். அரை சதவீதம் கரி, சுமார் 15 சதவீதம் குரோமியம் என்று அதற்குப் பொருள். அந்த எஃகை ஆயிரம் டிகிரி அளவுக்குக் காய்ச்சிக் குளிரவைத்து, மறுபடி மிதமான சூட்டில் வைத்துப் பதமாக்குகிறார்கள். ராக்வெல் அளவில் 56 போல வரும். ஜப்பானியக் கத்திகள் 60, அதற்கு மேலும் போகும். அவை இன்னும் கூர்மை, ஆனால் எலும்பில் பட்டால் பொரிந்துவிடும்.

இந்த உறுதி, பதமாக்கிய சூட்டைத் தாண்டிச் சூடானால் குறையும். பட்டறை கிரைண்டரில் (மாவு அரைக்கும் கிரைண்டர் இல்லை!) அழுத்திப் பிடித்தால், மெல்லிய கூர் விளிம்பு சில நொடிகளில் அந்தச் சூட்டை எட்டிவிடும். சாதாரணக் கரி எஃகில் 200 டிகிரியைத் தாண்டும்போது வைக்கோல் நிறம் தெரியும், 300 பக்கம் நீலம் பாரிக்கும். ஸ்டெயின்லெஸ் எஃகில் இந்த நிறங்கள் இன்னும் அதிகச் சூட்டில்தான் தோன்றும். ஆகவே நிறம் மாறவில்லை, ஒன்றும் ஆகவில்லை என்று நினைக்க முடியாது. நீலம் பாரித்த பிறகு தண்ணீரில் முக்கினாலும் போன உறுதி வராது. அந்த வீட்டம்மாவின் கத்தியில் கூர் நிற்காததற்கு இதுதான் காரணம் என்று என் ஊகம்.

சாணைக்காரரை உள்ளே விடாதீர்கள் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். அரிவாள்மணை, தேங்காய்த் துருவி, கத்தரிக்கோல் எல்லாம் தாராளமாகக் கொடுங்கள். விலை உயர்ந்த ஸ்டெயின்லெஸ் கத்தி என்றால் யோசியுங்கள். அதே சக்கரத்தில் இரும்பு அரிவாள் தீட்டியிருப்பார். அந்த இரும்புத் துகள் கத்தியில் ஒட்டிக்கொண்டு புள்ளிப் புள்ளியாகத் துரு வரும். நடுவில் அதிகம் தேய்த்துவிட்டால் விளிம்பு குழிந்து பலகையில் முழுசாகப் படாது. வெண்டைக்காய் நறுக்கினால் மாலை மாதிரித் தொங்கும்.

இனி வாரண்டி. "லைஃப்டைம்" என்று பெட்டியில் போட்டிருந்தால் என்ன ஆனாலும் மாற்றித் தருவார்கள் என்று நினைக்கிறோம். சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் போன்ற பெரிய கம்பெனிகள்கூட ஆயுள் உத்தரவாதம் தருவது மூலப்பொருள் குறைக்கும் தயாரிப்புக் குறைக்கும்தான். தேய்மானம், தவறான உபயோகம் அதில் சேராது. பொதுவாக வாரண்டி அட்டையில் "மாற்றியமைத்தல்", "அங்கீகாரமில்லாத பழுதுபார்ப்பு" என்று இரண்டு சொற்கள் சின்ன எழுத்தில் இருக்கும். வீட்டில் தீட்டுகல்லில் கூர் ஏற்றுவதைப் பராமரிப்பு என்று ஏற்றுக்கொள்வார்கள். முனையை மாற்றுவது, தகட்டை மெலிதாக்குவது, மாட்டி வைக்கக் கைப்பிடியில் ஓட்டை போடுவது எல்லாம் மாற்றியமைத்தல் கணக்கில் போய்விடும்.

சட்டமும் இதையொட்டித்தான் பேசுகிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 87ஆம் பிரிவைப் பாருங்கள். பொருளால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்த சமயத்தில் அந்தப் பொருள் மாற்றப்பட்டோ தவறாகப் பயன்படுத்தப்பட்டோ இருந்தால், விற்றவர் மேல் பொருள் பொறுப்பு வழக்குப் போட முடியாது என்கிறது. நீங்களே திருத்திய கத்தி கைப்பிடியோடு கழன்று விரலை வெட்டினால், கடைக்காரரைக் கேட்கும் வழி அங்கே அடைபடுகிறது.

எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. முனை உடைவது பெரும்பாலும் நாம் நெம்புவதால்தான். டப்பா மூடி திறப்பது, ஃப்ரீசரில் உறைந்ததைப் பிரிப்பது இப்படி. ஆனால் சில சமயம் எஃகிலேயே விரிசலோ கசடோ இருந்திருக்கும். எது காரணம் என்பதை உடைந்த இடம் காட்டும். அந்தப் பரப்பைச் சாணையில் தேய்த்துவிட்டால் நம் பக்கத்து ஒரே சாட்சியும் போயிற்று. குறை இருக்கிறதா என்பது பரிசோதனை இல்லாமல் தெரியாது என்றால், மாவட்ட நுகர்வோர் ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். தேய்த்த கத்தியை அனுப்பி ஆய்வகம் என்ன சொல்லும்?

அதனால் உடைந்த அன்றைக்கே படம் எடுங்கள், உடைந்த துண்டையும் பில்லையும் எடுத்து வையுங்கள், கம்பெனிக்கு மின்னஞ்சல் போடுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் அவகாசம் உண்டு. பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. நாலாயிரம் ரூபாய்க்கு ஆணையம் வரை போவீர்களா என்பது உங்கள் இஷ்டம். மின்னஞ்சல் போட ஐந்து நிமிடம்தான்.

வாரண்டி முடிந்துவிட்டது, அல்லது கம்பெனி கைவிரித்துவிட்டது என்றால் தாராளமாகத் திருத்துங்கள். அப்போது அது முழுக்க உங்கள் கத்தி. முனை எடுக்கும்போது கூர் பக்கத்தைத் தொடாமல் முதுகுப் பக்கத்திலிருந்து தேய்த்து இறக்க வேண்டும். மெஷின் வேண்டாம், சொரசொரப்பான தீட்டுகல்லும் தண்ணீரும் போதும். ஒரு மணி நேரம் ஆகும், கை வலிக்கும், ஆனால் சூடாகாது. சாணைக்காரரிடம்தான் கொடுப்பேன் என்றால் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து, இரண்டு நொடிக்கு ஒருமுறை முக்கச் சொல்லுங்கள். வெறும் விரலால் தகட்டைத் தொட முடியாவிட்டால் நிறுத்தச் சொல்லுங்கள்.

இரண்டு பக்கமும் கூர் வைத்துப் பிச்சுவா மாதிரி ஆக்குகிற யோசனை நம் பையன்கள் யாருக்காவது இருந்தால் விட்டுவிடட்டும். ஆயுதச் சட்டத்தில் 9 அங்குல நீளம், 2 அங்குல அகலம் தாண்டிய கத்திகளில் வீட்டு உபயோகத்துக்கென்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. பிச்சுவாவைக் காட்டி அந்த விலக்கைக் கேட்க முடியாது.

பேசி முடித்ததும், வெள்ளைப் பீங்கான் கத்திக்கும் இது பொருந்துமா என்று ஒரு அம்மா கேட்டார். அது எஃகே இல்லை, சிர்கோனியா. சாதாரணச் சாணைக்கல் அதில் ஏறாது, வைரத்தூள் பூசிய கல் வேண்டும். விளிம்பு பொரிந்திருந்தால் கம்பெனிக்கே எழுதிக் கேளுங்கள் என்றேன்.