குழாயோசையும் குற்றியலுகரமும்



1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யம் நோக்கி உப்பெடுக்க நடந்த தொண்டர்கள், நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளையின் பாடலைப் பாடிக்கொண்டே நடந்தார்கள். அந்தப் பாட்டுக்கு முன்னே ஒலிவாங்கி இல்லை; நடப்பவரின் மூச்சே அதற்குத் தாளம். அதே நாமக்கல்லில் இன்று கவியரங்கம் என்றால் முதலில் சொல்லியனுப்பப்படுவது மைக் செட்காரருக்குத்தான். மரபா, புதுக்கவிதையா என்று ஆண்டுக்கணக்கில் வழக்காடிய புலவர்கள், தம் குரலுக்கும் கேட்பவர் செவிக்கும் இடையே வந்து உட்கார்ந்துகொண்ட அந்தக் கருவியைத் திறந்து பார்த்ததில்லை. அதைச் செய்பவரின் பட்டறைக்கு ஒரு முறையேனும் கவிஞன் போய்வர வேண்டும்.

பட்டறை மேசையில் கழற்றி வைக்கப்பட்ட ஒலிபெருக்கி ஏமாற்றம் தரும் அளவுக்கு எளிய பொருள். வளையமான ஒரு காந்தம். அதன் நடுவே நூலிழை போன்ற இடைவெளி. அவ்விடைவெளியில் தொங்கும் செப்புக் கம்பிச்சுருள். சுருளோடு ஒட்டப்பட்ட காகிதக் கூம்பு. 1925இல் அமெரிக்கப் பொறியாளர்கள் ரைசும் கெல்லாக்கும் வெளியிட்ட அமைப்பு இது. நூறாண்டாகியும் அடிப்படை மாறவில்லை. தொழில் தெரிந்தவர் கூம்பின் இரு புறமும் கட்டைவிரல்களை வைத்து மெல்ல அழுத்துவார். சுருள் எங்கேனும் உரசினால் விரலுக்குத் தெரிந்துவிடும். பிறகு ஒரு டார்ச் பேட்டரியைக் கம்பிகளில் தொட்டு எடுப்பார். ‘டொக்’ என்று கூம்பு முன்னே வந்தால் ஒரு திசை, உள்ளே போனால் மறுதிசை. அருகருகே உள்ள இரண்டு பெட்டிகளில் இத்திசை மாறிவிட்டால் ஒன்றின் கீழோசையை மற்றொன்று தின்றுவிடும். எதுகை தவறிய அடியைப் புலவர் காது உடனே காண்பதுபோல், இந்தத் திசைப் பிழையை அவர் காது காணும்.

இந்தக் கருவியின் உயிர் காந்தம். சேலத்துக் கஞ்சமலையின் இரும்புத்தாதும் காந்தத் தன்மை உடையதே. அதற்கும் இதற்கும் வணிகத் தொடர்பு கற்பிக்க வேண்டியதில்லை. மலை அருகிலேயே இருக்கிறது என்பது மட்டும் செய்தி.

இந்தச் சமவெளி அறிந்த ஒலிபெருக்கி பெட்டி அன்று, குழாய். திருவிழாவிலும் திருமணத்திலும் தென்னை மரத்தில் கட்டப்படுகிற அதே குழாய்தான். சாதாரணப் பெட்டி, தான் பெறும் மின்னாற்றலில் நூற்றில் ஒரு பங்கு அளவையே ஒலியாக்குகிறது. நல்ல குழாய் அதைப்போலப் பல மடங்கு ஆக்கும். அதனால்தான் ஒரு சிறு ஆம்ப்ளிபையரும் ஒரு கார் பேட்டரியும் கொண்டு ஒரு ஊரையே எழுப்ப முடிந்தது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. நூறு அதிர்வு ஓசையின் அலைநீளம் ஏறக்குறைய 3.4 மீட்டர், அரை மீட்டர் வாயுள்ள குழாய் அதை எப்படித் தாங்கும்? அடிக்குரலை அது கைவிடுகிறது. மெல்லினத்தின் முணுமுணுப்பு பெரும்பாலும் அந்தக் கீழ்ப்பகுதியில் இருப்பது. வல்லினம் பிழைத்துக்கொள்ளும், மெல்லினம் இளைத்துப்போகும்.

மார்கழி விடியலில் மூன்றாவது ஊர்க் கோயில் பாட்டு பக்கத்துத் தெருவில் பாடுவதுபோல் கேட்பதை இங்குள்ளோர் அறிவர். அது பக்தியால் மட்டும் ஆவதன்று. இரவில் நிலம் குளிர்ந்து, அதை ஒட்டிய காற்று மேல்காற்றைவிடக் குளிர்ந்திருக்கும்போது ஒலி வளைந்து தரைக்கே திரும்புகிறது. நண்பகலில் நிலம் கொதிக்க, அதே ஒலி வானை நோக்கி வளைந்து போய்விடுகிறது. குழாய் மாறவில்லை, காற்று மாறியது. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை விதித்த 2000ஆம் ஆண்டு விதிகள் உறக்கத்தை எண்ணி எழுதப்பட்டவை. அந்நேரமே ஒலி மிகத் தொலைவு செல்லும் நேரமாகவும் அமைந்தது.

திருச்செங்கோட்டுக்காரரான டி. ஆர். சுந்தரம் 1930களில் சேலம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவினார். அங்கே மூடிய கூடத்தில், வாய்க்கு அருகே வைத்துப் பதிவான குரல், வெளியே போனபின் டூரிங் டாக்கீஸிலும் கல்யாணப் பந்தலிலும் குழாய் வழியாகவே மக்களை அடைந்தது. 1950இல் வந்த ‘மந்திரிகுமாரி’க்குக் கலைஞர் கருணாநிதி எழுதிய வசனம் ஊர்தோறும் நிலைத்ததற்கு அதன் கருத்தும் வேகமும் காரணம் என்பர். மோனையும் எதுகையும் வல்லின அடுக்கும் குழாயில் தேய்வதில்லை என்பதையும் ஒரு காரணமாகச் சேர்க்க இடமுண்டு. மேடைக் கவிதை அந்த வழியே நடந்து உரத்த குரலைக் கற்றது. தாழ்ந்த குரலை மறந்தது.

பட்டறையை அடுத்த கேட்பு அறையில்தான் அந்த இழப்பு விளங்கும். 1895இல் ஹார்வர்டில் ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சு புரியவில்லை என்று சபைன் என்ற இளம் ஆசிரியரை ஆராயப் பணித்தார்கள். சொல் ஒன்று அங்கே ஐந்தரை விநாடி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் இரவுகளில் நாற்காலி மெத்தைகளைச் சுமந்துவந்து பரப்பி, எதிரொலி எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். இங்கே அவ்வேலையைப் பவானி ஜமக்காளமும் பஞ்சு மெத்தையும் ஓரளவு செய்யும். இரண்டு பெட்டிகள், ஒரு நாற்காலி. மூன்றுக்கும் சம தூரம். தேர்ந்த வடிவமைப்பாளர் பெரிய இசைக்குழுவை விட்டுவிட்டு, நன்கு பழகிய ஒரு மனிதக் குரலையே முதலில் ஓட விடுவார். பொய்யை அதில்தான் காது எளிதில் பிடிக்கும்.

அந்த அறையில் கவிதை வாசித்தால் சொல்லிறுதிக் குற்றியலுகரம் காதில் விழுகிறது. அரை மாத்திரை என்று இலக்கணம் வகுத்த அந்த ஒலி, சிமெண்ட்டுச் சுவர் மண்டபத்தில் முந்தைய எழுத்தின் எதிரொலிக்குள் மூழ்கிப்போகும். மகரக்குறுக்கத்தின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. கவிஞர் அதை ஈடுசெய்யக் கத்துகிறார். ஆம்ப்ளிபையர் தன் எல்லையில் தலை வெட்டுண்டு கரகரக்கிறது. பழி மைக் செட்காரர்மேல் விழுகிறது. ஒலிவாங்கிக்கு ஒரு சாண் தள்ளி நின்று, அறையில் ஒருவரோடு பேசும் குரலில் சொன்னால் போதும். சுவரின்மேல் நாலு ஜமக்காளம் தொங்கினால் இன்னும் நன்று.

மைக் செட்காரரிடமும் ஒரு விண்ணப்பம். சோதனைக்கு அவர் ‘ஹலோ, ஒன், டூ, த்ரீ’ என்கிறார். தமிழ்க் கவியரங்குக்கு அது உதவாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்து வரை எண்ணட்டும். ஒன்பது எண்கள் குற்றியலுகரத்தில் முடிகின்றன. ஏழு மட்டும் முற்றியலுகரம். கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கு அந்த வேறுபாடு கேட்டால் கவியரங்கைத் தொடங்கலாம்.