வண்டி வருமுன் பெயர் வரட்டும்!

(காரைக்குடியில் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பிள்ளை பிறக்கு முன்னே பெயர் வைப்பது செட்டிநாட்டு வழக்கமன்று. பிள்ளை பிறக்க வேண்டும். உறவினர் கூட வேண்டும். பாட்டனார் பெயரோ பாட்டியார் பெயரோ பார்த்து அதன்பின் இட வேண்டும். ஆனால், இன்றைய உலகில் பிறக்கு முன்னே பெயர் தேடப்படும் பொருள்கள் பல உள. அவற்றுள் ஒன்று, பொழுதுபோக்குப் பூங்காக்களில் இருப்புப் பாதைமேல் ஏறியிறங்கிப் பாய்ந்தோடும் 'ரோலர் கோசுட்டர்' என்னும் ஊர்தி.

தமிழ்ப் பற்றாளர் கூடிய அவையில் விளையாட்டு வண்டியைப் பற்றிப் பேச்சென்ன என்று முகஞ்சுளிப்போர் இருக்கலாம். முகஞ்சுளிக்க வேண்டா. ஒரு மொழி வளர்கிறதா தேய்கிறதா என்பதை ஆய்வரங்குகளில் மட்டும் அளந்தறிய முடியாது. அம்மொழிக்குரிய பிள்ளைகள் களிக்கும்போதும் அஞ்சும்போதும் எச்சொல்லைக் கூவுகின்றனர் என்பதைக் கொண்டும் அளந்தறிய வேண்டும்.

அவ்வூர்தியின் இயல்பு எளிது. பெரும்பாலானவற்றில், பொறியொன்று வண்டியை ஒரே ஒரு முறை உயரத்திற்கு ஏற்றி விடுகிறது. அதன்பின் அதனை உந்துவார் இல்லை. ஏறிய உயரமே அதன் கைம்முதல். அம்முதலைச் சிறிது சிறிதாகச் செலவிட்டு, இறங்கியும் ஏறியும் வளைந்தும் தலைகீழாய்ச் சுழன்றும் அது புறப்பட்ட இடத்திற்கே மீள்கிறது. பின்வரும் மேடுகள் முதல் மேட்டினும் தாழ்ந்திருப்பது இதனாலேயே. முதலுக்கு மிஞ்சிய செலவுக்கு இயற்கை இடங்கொடாது. கொடுக்கல் வாங்கல் அறிந்த செட்டிநாட்டார்க்கு இக்கணக்கை விரித்துரைக்கத் தேவையில்லை.

இவ்வூர்தியில் தீராப் பற்றுக்கொண்ட சுவைஞர்கள் உலகெங்கும் உள்ளனர். புதிய ஊர்தி வரப்போகிறது என்று ஒரு பூங்கா வாய்திறக்கு முன்னே அவர்கள் மோப்பம் பிடித்து விடுவர். வேலிக்குள் வந்திறங்கிய இருப்புத் துண்டங்களின் வளைவைப் பார்ப்பர். தூண்களின் வண்ணத்தைப் பார்ப்பர். தோண்டிய குழியின் ஆழத்தைப் பார்ப்பர். இஃது இன்ன பட்டறையின் கைவேலை, இவ்விடத்தில் வண்டி கவிழும், இவ்விடத்தில் நிமிரும் என்று துணிவர். அதன்பின் பெயரைக் கணிக்கத் தொடங்குவர். வணிகப் பெயர்ப் பதிவகத்தில் எந்நிறுவனம் எப்பெயரைப் பதியக் கேட்டிருக்கிறது என்று துருவுவர். 'இப்பெயரே வரும்' என்பார் ஒருவர். 'இல்லை, அப்பெயரே பொருந்தும்' என்பார் மற்றொருவர். வராத வண்டிக்கு இத்தனை வழக்காடல்!

இங்கிலாந்தில் ஆல்ட்டன் டவர்சு என்னும் பூங்கா இவ்வார்வத்திற்கு எண்ணெய் வார்த்தது. பெரிய ஊர்திகளுக்கு முதலில் பெயரிடாமல், 'கமுக்கப் படைக்கலம்' எனப் பொருள்படும் குறியீட்டையும் ஓர் எண்ணையும் மட்டும் இட்டு வைத்தது. மூன்றாம் படைக்கலம் 1994-இல் 'நெமசிசு' ஆயிற்று. நான்காம் படைக்கலம் 1998-இல் 'ஒப்ளிவியன்' ஆயிற்று. எட்டாம் படைக்கலம் 2018-இல் 'விக்கர் மேன்' ஆயிற்று. நெமசிசு என்பது யாது? செருக்குற்றோரை ஒறுக்கும் கிரேக்கப் பெண்தெய்வம். விளையாட்டு வண்டிக்குப் பெயர் வேண்டிய இடத்தும் மேலைநாட்டார் தம் பழங்கதைக் கருவூலத்தைத் திறந்து பார்த்தனர் என்பதை இங்குக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனித் தமிழ்நாட்டிற்கு வருவோம். சென்னைக்குத் தெற்கே திருப்போரூர் அருகில் 2025 திசம்பரில் வொண்டர்லா நிறுவனத்தின் பூங்கா திறக்கப்பட்டது. கொச்சியில் 2000, பெங்களூரில் 2005, ஐதராபாத்தில் 2016, புவனேசுவரத்தில் 2024 என வந்த வரிசையில் இஃது ஐந்தாவது. அறுநூறு கோடி உருபாவிற்கு மேல் செலவிட்டு எழுப்பப்பட்டது. அதன் தலைமை ஊர்தி, 1988-இல் தொடங்கப்பெற்ற பொல்லிகர்–மாபிலார்டு என்னும் சுவிச்சர்லாந்து நிறுவனத்தின் படைப்பு. பாதை மேலே செல்ல, இருக்கைகள் அதன்கீழ்த் தொங்க, அமர்ந்தோர் கால்கள் வெறுவெளியில் ஆடும் வகை அது. இங்கிலாந்தின் நெமசிசும் அதே நிறுவனத்தின் அதே வகையே. இந்தியாவில் அந்நிறுவனம் செய்த தொங்குவகை இதுவே முதலாவது.

இவ்வூர்திக்கு இட்ட பெயர் 'தஞ்சோரா'.

அன்பர்களே, இப்பெயரைச் சற்றே நின்று நோக்குங்கள். மராட்டியத்தில் இமேசிகா என்னும் பூங்காவில் அதே சுவிசு நிறுவனத்தின் வேறொரு வகை ஊர்தி 2013-இல் வந்தபோது, அதற்கு 'நைட்ரோ' என்று பெயரிட்டனர். அம்மண்ணுக்கும் அப்பெயருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. திருப்போரூரில் அவ்வாறு செய்யவில்லை. தமிழ்மண்ணை நோக்கிக் கைநீட்டியிருக்கிறார்கள். அதனைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால், நீட்டிய கை தஞ்சாவூரைத் தொடவில்லை. ஆங்கிலேயன் நாவில் சிதைந்த 'டாஞ்சோரை'த் தொட்டு நின்றுவிட்டது. தஞ்சோரா என்னும் ஒலியில் அருண்மொழியின் தலைநகர் கேட்கவில்லை. கும்பினிக்காரனின் கணக்கேடு கேட்கிறது.

தஞ்சாவூர் 'டாஞ்சோர்' ஆனது. தரங்கம்பாடி 'டிராங்கிபார்' ஆனது. தூத்துக்குடி 'டூட்டிக்கொரின்' ஆனது. அயலான் நாவிற்கு வராத பெயரை அவன் திரித்தான். அதற்கு அவனை நோவதிற் பயனில்லை. அவன் போனபின்னும் அத்திரிபை அழகென்று கருதி, அதற்கு மேலும் ஓர் ஈற்றொலி ஒட்டி அணிசெய்யும் நிலை எங்கிருந்து வந்தது? தன் முகத்தை அயலான் கண்ணாடியில் பார்த்தே பழகிய கண்ணிலிருந்து வந்தது. இக்குறை ஒரு பூங்காவின் குறையன்று. ஓர் இனத்தின் நெடுநாட் பழக்கம். 1996-இல் 'மெட்ராசு' சென்னையாயிற்று. 2020 சூனில் ஆயிரத்துப் பதினெட்டு ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றத் தமிழ்நாட்டரசு ஆணை வெளியிட்டது. எழுத்துக்கூட்டல் பற்றிய முணுமுணுப்பு எழவே, சின்னாட்களில் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. ஊர்ப்பெயர் தன் உருவை மீட்பதே இத்தனை அரிதாயின், அதன் திரிபு புதிய பொருள்களின்மேல் ஏறுமுன் தடுப்பது எத்துணை இன்றியமையாதது!

சிறப்புப்பெயர் கிடக்கட்டும். இவ்வூர்திக்குப் பொதுப்பெயரேனும் தமிழில் உண்டா? பிற மொழியார் என்ன செய்தனர் என்று பாருங்கள். உருசிய நாட்டார் பனிக்கட்டி மேட்டில் சறுக்கி விளையாடியதே இவ்வூர்தியின் மூலம். அதனால் பிரஞ்சுக்காரர் இதனை 'உருசிய மலை' என்றனர். எசுப்பானியரும் இத்தாலியரும் அவ்வாறே வழங்கினர். உருசியரோ 'அமெரிக்கக் குன்று' என்கின்றனர். அமெரிக்காவின் கோனித் தீவில் 1884-இல் தாம்சன் என்பார் ஐந்து செண்டுக் கட்டணத்தில் ஓட்டிய வண்டியே இத்தொழிலை வளர்த்தது என்பதை நோக்க, அதுவும் பொருத்தமே. செருமானியர்க்கு இது 'எட்டுப் பாதை'. அங்கேரியர்க்கு 'அலைத் தொடரி'. சுவீடியர்க்கு 'மலைபள்ளப் பாதை'. சீனர்க்கு 'மலைதாண்டு வண்டி'. ஒருவரும் ஆங்கிலப் பெயரை அப்படியே விழுங்கவில்லை. தம் கண்ணால் பார்த்தனர். தம் வாயால் பெயரிட்டனர்.

ஏழரைக் கோடித் தமிழர்க்கு அவ்வாய் இல்லையா? உண்டு. இவ்வூர்தியைப் 'பாய்தொடரி' எனலாம். தொடரி என்பது தொடர்வண்டிக்கு வழங்கிவரும் நல்ல தமிழ்ச்சொல். அது பாய்வதால் பாய்தொடரி. ஊறுகாய் என்பதுபோல் இதுவும் வினைத்தொகை. பாய்ந்த, பாய்கின்ற, பாயும் என முக்காலமும் அதனுள் அடங்கும். குதிரைக்குப் 'பாய்மா' என்று பெயரிட்ட மொழிக்கு இது புதிதுமன்று. ஒரு சொல் கிடைத்துவிட்டால் அதன் கிளைகள் தாமே தழைக்கும். பாதையின்கீழ்த் தொங்கும் வகை தொங்கு பாய்தொடரி. அடித்தளம் இல்லாதது தளமிலிப் பாய்தொடரி. மரத்தாற் செய்தது மரப் பாய்தொடரி. சங்கிலியால் ஏற்றாது விசையால் உந்துவது உந்து பாய்தொடரி. மேட்டைத் தாண்டுகையில் உடல் இருக்கையை விட்டு எழும் நொடியைச் சுவைஞர்கள் பெரிதும் விரும்புவர். அதற்கு 'மிதப்பு' என்னும் சொல் போதும்.

சிறப்புப்பெயர்களுக்கோ பஞ்சமே இல்லை. கிரேக்கர்க்கு ஒறுக்கும் தெய்வம் ஒன்றுண்டெனில், தமிழர்க்கு அணங்கு உண்டு, சூர் உண்டு, கண்டாரை மயக்கி மடிவிக்கும் கொல்லிப்பாவை உண்டு. காற்றின் பெயர் வேண்டுமா? சூறை, கடுவளி, கொண்டல், வாடை. இடியின் பெயர் வேண்டுமா? உரும். ஊசல் என்னும் சொல்லோ ஆட்டத்தையும் பாட்டையும் ஒருங்கே சுமப்பது. சிலப்பதிகாரத்தில் ஊசல் வரி உண்டு. திருவாசகத்தில் திருப்பொன்னூசல் உண்டு. தஞ்சாவூரைத்தான் நினைக்க வேண்டுமெனில் 'தஞ்சை' என்னும் ஈரசைச் சொல் போதாதா? அதனினும் சுருங்கிய பெயர் எவ்வாணிகனுக்கு வேண்டும்?

இவ்விடத்தில் தமிழியக்கத்தாரும் தம்மைத் தாமே ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். 1916-இல் மறைமலையடிகள் தூய தமிழ் வழக்கைத் தொடங்கிய நாள்முதல் இவ்வியக்கம் வென்ற சொற்கள் பல. அக்கிராசனர் தலைவரானார், காரியதரிசி செயலாளரானார், அபேட்சகர் வேட்பாளரானார், நமசுகாரம் வணக்கமாயிற்று. இவற்றையெல்லாம் முதலில் நகைத்தவர்களே பின்னர்த் தம் பேச்சில் வழங்கினர். ஆயினும் இவை யாவும், அயற்சொல் வந்து, அமர்ந்து, வேரூன்றியபின் பெரும்பாடுபட்டுப் பெயர்த்து நட்டவை. பொருள் வந்து பத்தாண்டு கழித்துச் சொல்லாக்கக் குழு கூடுவது, தும்பை விட்டு வாலைப் பிடிப்பது. இன்றோ பொருள்கள் பறந்து வருகின்றன. அவற்றின் பெயர்கள் அவற்றினும் முந்திப் பறக்கின்றன.

ஆதலால் அச்சுவைஞர்களைப் பாருங்கள். வண்டி வருமுன்னே பெயரைத் தேடும் அவர்கள் பழக்கம் இவ்வியக்கத்தார் கற்க வேண்டிய பாடம். பெயர் வெளியிடப்பட்டபின் கண்டித்து முழங்குவது எளிது, பயன் சிறிது. பெயர் இன்னும் உறுதிப்படாத அக்காத்திருப்புக் காலமே களம். ஒரு பூங்காவிற்கு அடிக்கல் நாட்டும் செய்தி வந்தவுடன், 'இதோ பத்து நல்ல தமிழ்ப்பெயர்கள். சுருக்கமானவை, ஒலிநயமுள்ளவை, எழுத்துப் பலகைக்கு ஏற்றவை' என்று பணிவோடு எழுதி அனுப்ப வேண்டும். வாணிகன் தமிழுக்குப் பகைவனல்லன். விற்கும் பெயரைத் தேடுபவன். 2006-இல் தமிழ்ப்பெயர் சூட்டிய திரைப்படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கு என்று அரசு அறிவித்தவுடன், படங்களின் ஆங்கிலப் பெயர்கள் எவ்வளவு விரைவாகத் தமிழாயின என்பதை நாடு கண்டது. தமிழில் பெயர் இல்லாமல் அவர்கள் ஆங்கிலத்தில் வைக்கவில்லை. கேட்பார் இல்லாமல் வைத்தனர்.

செட்டிநாட்டார்க்குப் பெயரின் மதிப்பைப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை. பருமாவிலும் மலையகத்திலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார், மூன்று நான்கு முதலெழுத்துகளையே தம் நிறுவனத்தின் அடையாளமாக வைத்து, அவ்வெழுத்துகளின் நாணயத்திலேயே கோடிகளைக் கைமாற்றினர். சீமைக்காரையும் வண்ணப்பொடியும் கண்ணாடிப் பலகையும் கொண்டு வார்க்கும் தரைக்கல்லின் தொழில்நுட்பம் இம்மண்ணிற் பிறந்ததன்று; ஆனால், அக்கல்லுக்கு இன்று உலகம் வழங்கும் பெயர் ஆத்தங்குடி. காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பொருள், பெயரும் ஓர் உடைமை, அதற்கும் காவல் உண்டு என்பதே. இவ்வூரில் 1939-இல் சா. கணேசனார் கண்ட கம்பன் கழகம் எதனை நினைவூட்டுகிறது? வடநாட்டுக் கதையை எடுத்த கம்பன் இலட்சுமணனை இலக்குவன் ஆக்கினான். விபீடணனை வீடணன் ஆக்கினான். கதை எங்குப் பிறந்ததாயினும் பெயர் தமிழ் நாவிற்கு வணங்கியே உள்ளே வரவேண்டும் என்பது அவன் இட்ட ஒழுங்கு.

இளைஞர்களே! பாய்தொடரியில் ஏறுங்கள், அஞ்சுங்கள், கூவுங்கள், மகிழுங்கள். அதனை எவரும் தடுக்க வேண்டா. அடுத்த வண்டி எங்கே, எப்போது, என்ன வடிவில் வருமென்று கூடிக் கூடிக் கணியுங்கள். அக்கணிப்பில் வாய்க்கு வரும் முதற்பெயர் தமிழ்ப்பெயராகட்டும். சுவிச்சர்லாந்து இரும்பை வார்க்கட்டும். கொச்சி முதலைப் போடட்டும். பெயரைத் தமிழன் இடட்டும். பெயரிட மறந்த இனம், பிறர் இட்ட பெயரால் அழைக்கப்படும். அதனைத் தஞ்சாவூர் முந்நூறு ஆண்டுகளாக அறியும்.

வெல்க தமிழ்!