ஒரு ராத்திரி வாடகை

(பழைய மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வீட்டுப் பொழுதுபோக்குத் தொழில் மாறியதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது பழவேற்காட்டுக் குப்பங்களும் என் அண்ணன் கடையும்தான். அந்தக் கடை வருமானத்தில்தான் இந்தக் கல்லூரியில் மூன்று வருஷம் ஃபீஸ் கட்டினேன்.

எண்பதுகளின் கடைசியில் கல்யாணம், காதுகுத்து, அம்மன் திருவிழா எதுவானாலும் 'டெக்' எடுப்பார்கள். கலர் டி.வி., வி.சி.ஆர்., மூன்று கேசட், எல்லாம் சேர்த்து ஒரு ராத்திரி வாடகை. லைட்ஹவுஸ் குப்பம், அரங்கங்குப்பம் பக்கமெல்லாம் படகில்தான் போகணும். டி.வி.யைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொள்வது என் வேலை. (எனக்கு நீச்சல் தெரியும், டி.வி.க்குத் தெரியாதே!)

ஏரியில் யார் எந்த நாள் எங்கே வலை போடுவது என்பதற்குப் 'பாடு' முறை உண்டு. ஊர் கூடி முடிவு பண்ணுவது. டெக் வாடகையும் அப்படித்தான், தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வசூல். கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளையும் மணலில் உட்கார்ந்து பார்க்கும். முதல் படம் பெரியவர்களுக்காக எம்.ஜி.ஆர். படம். மூன்றாவது படம் ஓடும்போது பாதி ஆம்பிளைகள் கடலுக்குக் கிளம்பியிருப்பார்கள்.

அப்புறம் கேபிள் வந்தது. 1993-இல் சன் டி.வி.; 2006 முதல் அரசு இலவசக் கலர் டி.வி. டெக் வாடகை போச்சு. அண்ணன் சி.டி., டி.வி.டி. வாடகைக்கு மாறினார். திருட்டு வி.சி.டி.யும் கடையில் இருந்தது, மறைக்க மாட்டேன். 2004-இல் அதையும் குண்டர் சட்டத்தில் சேர்த்த பிறகு தொடவில்லை.

அமெரிக்காவில் 1997-இல் தொடங்கிய நெட்ஃபிளிக்ஸ், மறுவருஷமே தபாலில் டி.வி.டி. வாடகைக்கு அனுப்பியது. பிறகு மாதச் சந்தா வைத்து, தாமதக் கட்டணத்தையே எடுத்துவிட்டது. 2007-இல் இணையம் வழியாகவே படம். ஆயிரக்கணக்கில் கடை வைத்திருந்த பிளாக்பஸ்டர் 2010-இல் திவால் மனு போட்டது. நம்ம குப்பத்துக்குத் தபால் டி.வி.டி. வரவேயில்லை, அந்தப் படியைத் தாண்டி நேராக செல்போனுக்குப் போய்விட்டோம்.

2013-இல் கமல்ஹாசன் 'விஸ்வரூப'த்தை டி.டி.எச். வழியாக வீட்டுக்கே தரப் பார்த்தபோது தியேட்டர்காரர்கள் எதிர்த்தார்கள். அண்ணன் அன்றைக்கே சொன்னார்: "படம் நேரா வீட்டுக்கு வந்தா நடுவுல நான் எதுக்குடா?" 2016-இல் நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவுக்கு வந்தது, அதே வருஷம் ஜியோ. அடுத்த பொங்கலுக்குள் கடையை மூடினார். ஊரடங்கு வருஷமான 2020-இல் 'சூரரைப் போற்று' தியேட்டருக்கே போகாமல் அமேசானில் வந்தபோது அவர் வலைக்குத் திரும்பி மூன்று வருஷம் ஆகியிருந்தது.

எந்தக் குப்பத்துக்கு எந்தப் படம் எடுக்கும் என்று அண்ணன் மனசிலேயே கணக்கு வைத்திருந்தார். இன்று அந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. அவரைவிட நன்றாகவே செய்கிறது என்பேன். ஆனால் வசூல் கொடுக்காத வீட்டுப் பிள்ளைக்கு அதில் மணல் இல்லை.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். ஒரே திண்ணையில் மூன்று பிள்ளைகள், மூன்று போன், மூன்று படம். அண்ணன் வலை பின்னிக்கொண்டிருந்தார். தன் போனையும் நீட்டி, எனக்கும் ஒண்ணு போட்டுக் கொடு என்றார். சந்தா கட்டிக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"எப்போடா ரிட்டர்ன் பண்ணணும்?"