இரண்டாம் விருப்ப வாக்கு



பட்டமளிப்பு மேடையில் அரசியல் பேசக்கூடாது என்பார்கள். நான் கணக்குத்தான் பேசப்போகிறேன். கணக்கில் வரும் ஆட்கள் அரசியல்வாதிகளாக இருப்பது என் குற்றமல்ல.

நான் சொல்லும் கணக்கு ஆட்டக் கோட்பாடு. அதற்கு 1944-இல் நியூமனும் மார்கன்ஸ்டெர்னும் எழுதிய நூல் அடித்தளம் இட்டது. அதன் சாரம் இது: என் முடிவின் பலன் எதிராளியின் முடிவையும் பொறுத்தது. அவரும் என்னைப் பற்றி அப்படியே யோசிக்கிறார். பொருளாதார மாணவர்கள் இதைக் கம்பெனிகளின் விலைப்போட்டியில் படித்திருப்பீர்கள். எனக்கென்னவோ, ஒரே கட்சிக்குள் நடக்கும் போட்டியில்தான் இது நன்றாக விளங்குகிறது. எதிர்க்கட்சிக்காரரைத் தேர்தலில் சந்தித்தால் போதும். சொந்தக் கட்சிப் போட்டியாளரை நாளைக்கே செயற்குழுவில் பக்கத்து நாற்காலியில் பார்த்தாக வேண்டும்.

1963-இல் காமராஜர், காங்கிரசின் மூத்த தலைவர்கள் பதவியை விட்டுக் கட்சிப் பணிக்குத் திரும்பவேண்டும் என்றார். மொரார்ஜி தேசாயை ஒதுக்கத்தான் இந்த ஏற்பாடு என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. ஆனால் சொன்னவர் தன் முதலமைச்சர் பதவியையும் சேர்த்தே விட்டார். ஆறு முதல்வர்களும் ஆறு மத்திய அமைச்சர்களும் விலகினார்கள். திரும்பும் வழியைத் தானே அடைத்துக்கொள்பவரின் பேச்சை எதிராளி நம்புவார் என்று ஆட்டக் கோட்பாட்டாளர் தாமஸ் ஷெல்லிங் விளக்கியது இதைத்தான்.

அதே காமராஜரும் சிண்டிகேட் எனப்பட்ட மூத்த காங்கிரஸ் தலைவர்களும் 1966-இல் பிரதமர் பதவிக்கு மொரார்ஜிக்கு எதிராக இந்திரா காந்தியை நிறுத்தினார்கள். 355-க்கு 169 என்று இந்திரா வென்றார். சொன்னபடி கேட்பார் என்பது சிண்டிகேட்டின் கணக்கு. பிரதமர் பதவி அவர் கையில் என்னென்ன துருப்புச் சீட்டுகளைக் கொடுக்கும் என்று அவர்கள் எண்ணிப்பார்க்கவில்லை.

1969 ஜூலையில் சிண்டிகேட், இந்திராவின் விருப்பத்தை மீறி, சஞ்சீவ ரெட்டியைக் குடியரசுத் தலைவர் வேட்பாளராக்கியது. இந்திரா, மொரார்ஜியிடமிருந்து நிதித்துறையைப் பறித்தார். ஜூலை 19 அன்று 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கினார். கட்சிக் குழுவில் தோற்றவர், சண்டையை மக்கள் மன்றத்துக்கு மாற்றிவிட்டார்.

கட்சித் தலைவர் நிஜலிங்கப்பா, ரெட்டிக்கு இரண்டாம் விருப்ப வாக்கு (முதல் விருப்ப வேட்பாளர் விலக்கப்பட்டால் எண்ணப்படுவது) கேட்டு ஜனசங்க, சுதந்திராக் கட்சித் தலைவர்களைச் சந்தித்தார். தேர்தல் விதியைப் படித்தவர் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் வலதுசாரிகளோடு கூட்டு என்று இந்திரா தரப்பு அதையே பிடித்துக்கொண்டது. மனசாட்சிப்படி வாக்களிக்கும் உரிமை கேட்டது. முடிவைப் பாருங்கள். இரண்டாம் விருப்ப வாக்குகளால் ரெட்டியின் கணக்கு 3,13,548-இலிருந்து 4,05,427-ஆக உயர்ந்தது. வெளியே கேட்ட வாக்குகள் வந்துவிட்டன! சொந்தக் கட்சியின் முதல் விருப்ப வாக்குகள்தான் பெருமளவில் எதிர்த்து நின்ற வி.வி. கிரியிடம் போய்விட்டன. 4,20,077 பெற்று கிரி வென்றார். நவம்பரில் கட்சி பிளந்தது. காமராஜர் இந்திராவுக்கு எதிரணியில் நின்றார். 1971 மக்களவைத் தேர்தலில் அந்த அணிக்கு 16 இடங்கள், இந்திராவுக்கு 352.

இந்திரா செய்தது நியாயமா என்று கேட்டால், கட்சி ஒழுங்கின்படி இல்லை என்பேன். கட்சி முடிவை ஏற்று வேட்புமனுவில் அவரே முன்மொழிந்த வேட்பாளர் ரெட்டி. அந்த வெற்றிக்குப் பிறகு காங்கிரசுக்குள் அவரை எதிர்த்துப் பேசும் வலுவுள்ள மாநிலத் தலைவர்கள் அருகிப்போனார்கள். அந்த விலையை எந்த வாக்கு எண்ணிக்கையும் காட்டாது.

கணக்கு நன்றாக வருகிறவர்கள் வங்கிக்கும் மென்பொருளுக்கும் போகிறீர்கள். போங்கள், வாழ்த்துகிறேன். உங்களில் பத்துப் பேராவது, எந்தக் கட்சியானாலும் சரி, உறுப்பினர் அட்டை வாங்கிச் செயற்குழு வரைக்கும் போய் உட்காருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.