மருத்துவ உதவி ஓர் ஆளை நம்பி நிற்கலாமா?

(அறக்கட்டளையின் ஆண்டுப் பொதுக்குழுவில் மருத்துவ உதவிப் பிரிவு சார்பில் ஆற்றப்பட்ட உரை)



 

மருத்துவ உதவி என்றதும் நமக்கு நினைவு வருவது பணமும் ஆம்புலன்ஸும்தான். இரண்டும் வேண்டும். ஆனால் இன்று நாம் பேச வந்தது அவற்றைத் தாங்கி நிற்க வேண்டிய நிர்வாகத்தைப் பற்றி.

நம் பகுதிகளில் மருத்துவத் தொண்டு செய்யும் பல அமைப்புகள் ஓரிரு நல்ல மனிதர்களின் தோளில் நிற்கின்றன. எந்த மருத்துவரைப் பார்ப்பது, யாருக்கு எவ்வளவு கொடுத்தோம், யார் மறுபடி போக வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒருவரின் கைப்பேசியில் இருக்கும். அவர் வளைகுடாவுக்குப் போய்விட்டால், படுத்துவிட்டால், மவுத்தாகிவிட்டால் தொண்டும் நின்றுவிடும். நஷ்டம் நமக்கல்ல, வாரந்தோறும் டயாலிசிஸுக்குப் போக வேண்டிய நோயாளிக்கு.

2024 ஜூன் மாதத்தை இந்த ஊர் மறக்காது. கருணாபுரம் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. பாதிக்கப்பட்டவர்கள் கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று பல மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். அப்படியொரு இரவில் வேகம் மட்டும் உதவாது. எந்த ஊர் மருத்துவமனையில் யார் போய் நிற்பது, இரத்தம் கொடுப்போர் பட்டியல் யாரிடம், செலவுக்குப் பணம் எடுக்க யார் கையெழுத்து என்பது முன்பே எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

நிர்வாகம் வேரூன்றினால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணம் தேடித் தூரம் போக வேண்டாம். நம் கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே, தருமபுரி மாவட்டத்தில் சிட்லிங்கி பள்ளத்தாக்கு இருக்கிறது. 1993-ல் மருத்துவத் தம்பதியரான ரெஜி ஜார்ஜும் லலிதாவும் அங்கே ஒரு கூரைக் குடிசையில் வைத்தியம் தொடங்கினார்கள். ‘ட்ரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ என்பது அந்த அமைப்பின் பெயர். அன்று அங்கே ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் சுமார் 150 குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டவில்லை.

அவர்கள் எல்லா வேலையையும் தாங்களே இழுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. அந்த மலைக் கிராமங்களின் பெண்பிள்ளைகளுக்கே செவிலியர் வேலை கற்றுக்கொடுத்தார்கள். ஊர்ப் பெண்களைச் சுகாதாரப் பணியாளர்களாக்கி, கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் வீட்டிலேயே போய்ப் பார்க்கப் பழக்கினார்கள். குழந்தை மரணம் வெகுவாகக் குறைந்தது. குடிசை இருந்த இடத்தில் இன்று அறுவைச் சிகிச்சைக் கூடத்துடன் மருத்துவமனை இருக்கிறது. ஆட்களை உருவாக்கியதால்தான் அந்த வேலை இத்தனை ஆண்டுகளாக நிற்கிறது.

நாமும் வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் முகாம் நடத்துவதென்றால் இதை நினைவில் வைக்க வேண்டும். நூறு பேருக்குச் சர்க்கரை பார்த்தோம் என்பது அறிக்கைக்கு அழகு. அளவு கூடியிருந்தவர்களில் எத்தனை பேர் அடுத்த மாதமும் மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்பதே உண்மையான கணக்கு. அதைப் பார்த்துச் சொல்ல அந்த மலையிலேயே ஒருவர் வேண்டும்.

“தர்மப் பணத்தில் சம்பளமா, கணக்கருக்குச் செலவா?” என்று சிலர் கேட்பதுண்டு. திருக்குர்ஆன் 9:60-ல் ஜகாத்துக்கு உரிய எட்டுப் பிரிவினரைச் சொல்லும்போது, அந்த ஜகாத் பணிக்காக உழைப்பவர்களையும் அல்லாஹ் ஒரு பிரிவாக வைத்திருக்கிறான். குர்ஆனின் மிக நீண்ட வசனமான 2:282 கடனை எழுதி வைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது. கணக்கும் ஆளும் மார்க்கத்துக்கு வெளியே உள்ள விஷயங்கள் அல்ல. எந்தச் செலவை எந்தப் பணத்திலிருந்து செய்யலாம் என்பதை ஆலிம்களிடம் கேட்டு முடிவு செய்வோம். அதற்காகவே ஜகாத் கணக்கும் பொது நன்கொடைக் கணக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

ஆகவே, எந்த மருத்துவ அமைப்புக்குக் கொடுத்தாலும், நம்முடையதானாலும், நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று, பொறுப்பாளர் மூன்று மாதம் ஊரில் இல்லையென்றால் வேலை நடக்குமா?

இரண்டு, வரவு செலவு ஆண்டுதோறும் தணிக்கையாகி, கேட்பவர் பார்க்கக் கிடைக்கிறதா? 12ஏ, 80ஜி பதிவுகள் காலாவதியாகாமல் இருக்கின்றனவா?

மூன்று, உதவி பெற்றவர் பிறகு என்ன ஆனார் என்று பதிவேடு சொல்கிறதா? அதே பதிவேடு அவருடைய நோயையும் வறுமையையும் பிறர் கண்ணில் படாமல் காக்கிறதா?

நான்கு, அரசு தருவதை முதலில் பெற்றுத் தருகிறார்களா? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். அந்த அட்டையை வாங்கிக் கொடுக்கத் தெரிந்த ஒருவர் அலுவலகத்தில் உட்கார்ந்தால், நம் நிதி உண்மையில் வழியில்லாதவருக்கு மிஞ்சும்.

இந்த நான்கையும் வைத்து நம் பிரிவையே முதலில் எடைபோட மஷூராவில் முடிவாகியிருக்கிறது. ஒவ்வொரு பொறுப்புக்கும் இரண்டாவது ஆள் வேண்டும். பி.காம். படித்த பிள்ளைகள் வாரத்தில் ஒரு மாலை கணக்குக்குத் தாருங்கள். செவிலியம், மருந்தியல் படித்த நம் பெண்மக்கள் நோயாளிகளிடம் தொலைபேசியில் நலம் விசாரிக்கும் பொறுப்பை ஏற்கலாம். ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள் மனு எழுதும் அனுபவத்தைத் தரலாம். பணம் தர இயலாத வீட்டிலும் இவற்றில் ஒன்று இருக்கும்.

நீங்கள் தருவது அமானிதம். அது உரியவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று இங்கே உங்களிடமும் நாளை அல்லாஹ்விடமும் நாங்கள் பதில் சொல்ல வேண்டும். நோயாளிகளுக்கு அவன் ஷிஃபாவைத் தருவானாக. இந்தப் பணியை நமக்குப் பின்னும் தொடரும் ஸதகத்துல் ஜாரியாவாக ஆக்குவானாக. ஆமீன்.