சாம்ராஜ்யம் சரிந்தபோது நம்மை யார் கணக்கில் எடுத்தார்கள்?

(சூரியநெல்லியில் நடந்த நம் சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது பெரிய விஷயம். தேய்ந்துகொண்டிருந்த ஒரு சாம்ராஜ்யம், அதைச் சுற்றி வல்லரசுகள் நடத்திய பேரம், அதை எதிர்த்து எழுந்த மக்களின் கிளர்ச்சி. "கொழுந்து பறிக்கிற நமக்கு இந்தப் பேச்செல்லாம் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் இதுதான்: 1947-ம் ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் நாம் நிற்கும் இந்த மலை எந்த நாட்டைச் சேரப்போகிறது என்பதே முடிவாகாமல் இருந்தது. டில்லியிலும் லண்டனிலும் திருவனந்தபுரத்திலும் பெரிய மனிதர்கள் உட்கார்ந்து பேசினார்கள். துறைமுகத்தைப் பற்றிப் பேசினார்கள், அரிசியைப் பற்றிப் பேசினார்கள், கடற்கரை மணலைப் பற்றிக்கூடப் பேசினார்கள். லயத்தில் குடியிருந்த நம் தாத்தா பாட்டிமார்களைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்பதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

கேட்காமலே கைமாறிய மண்

முதலில் எழுபது ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். 1877 ஜூலை 11-ம் தேதி, பூஞ்ஞாறு ராஜா நம் பக்கத்துக் கண்ணன் தேவன் மலையை ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரருக்கு எழுதிக் கொடுத்தார். சுமார் 227 சதுர மைல். கைமாறிய பணம் 5,000 ரூபாய், வருஷக் குத்தகை 3,000 ரூபாய். 1878-ல் திருவிதாங்கூர் அரசாங்கம் அதற்குச் சம்மதம் கொடுத்தது. அந்தக் காட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த முதுவர்களை யாரும் கேட்கவில்லை. பின்னால் கங்காணிகள் கூட்டி வந்த நம் முன்னோர்களிடம், இது யாருடைய மண், எந்த விலைக்கு வாங்கிய மண் என்று யாரும் சொல்லவில்லை.

அதே 1878-ல் ஐரோப்பாவில் பெர்லின் நகரத்தில் ஒரு மாநாடு நடந்தது. துருக்கி சாம்ராஜ்யம் அப்போது நோயாளியாகக் கிடந்தது. அதன் கீழிருந்த பல்கேரிய மக்கள் 1876-லேயே கிளர்ந்தெழுந்து ரத்தம் சிந்தியிருந்தார்கள். ரஷ்யா படையெடுத்து ஜெயித்து, பெரிய பல்கேரியா ஒன்றை உருவாக்கப் பார்த்தது. மற்ற வல்லரசுகளுக்கு அது பிடிக்கவில்லை. பெர்லினில் கூடி, அந்தப் பல்கேரியாவை மூன்று துண்டாக்கினார்கள். போஸ்னியாவின் நிர்வாகம் ஆஸ்திரியாவின் கைக்குப் போனது. அதே சமயத்தில் பிரிட்டன் சைப்ரஸ் தீவைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. ரத்தம் சிந்திய பல்கேரியர்களுக்கு அந்த மேஜையில் நாற்காலி இல்லை.

பெர்லினிலும் சரி, பூஞ்ஞாற்றிலும் சரி, மண்ணின் மேல் வாழ்கிறவனைக் கேட்காமலே மண் கைமாறியது. இதை மனதில் வைத்துக்கொண்டு 1947-க்கு வருவோம்.

மணலுக்கு வந்த மவுசு

இரண்டாம் உலக யுத்தம் பிரிட்டனின் முதுகெலும்பை முறித்துவிட்டது. இந்தியாவை விட்டுப் போவதாக 1947 பிப்ரவரி 20-ல் பிரதமர் அட்லி அறிவித்தார். அப்போது இந்தியாவில் ஐநூறுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள் இருந்தன. பிரிட்டிஷ் மகுடம் அவற்றின் மேல் வைத்திருந்த மேலாதிக்கம் யாருக்கும் மாற்றித் தரப்படாமல் அப்படியே முடிந்துவிடும் என்றார்கள். இந்தியாவில் சேரலாம், பாகிஸ்தானில் சேரலாம். ஆனால் "நான் தனி நாடு" என்று சொல்லவும் அதில் வழி இருந்தது.

அந்த வழியில் முதலில் காலெடுத்து வைத்த பெரிய சமஸ்தானம் நம் திருவிதாங்கூர். 1947 ஜூன் 11-ல் திவான் சர் சி. பி. ராமசாமி ஐயர், திருவிதாங்கூர் சுதந்திர நாடாக இருக்கும் என்று அறிவித்தார்.

எந்தத் தைரியத்தில் அப்படிச் சொன்னார்? அவர் கையில் துறைமுகம் இருந்தது, ரப்பர், தேயிலை, மிளகு, கயிறு இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக மணல் இருந்தது. நாகர்கோவில் பக்கம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற தாது கலந்திருக்கிறது. திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் 1909-ல் அந்த இடத்தைக் கண்டுபிடித்தார். அந்தத் தாதுவில் தோரியம் இருக்கிறது. பெட்ரோமாக்ஸ் விளக்கில் பளிச்சென்று எரியும் மேண்டில் இருக்கிறதே, அதற்குத்தான் முதலில் தோரியம் தேவைப்பட்டது.

1945-ல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த பிறகு நிலைமை மாறியது. அணுசக்திக்கு யுரேனியத்தோடு தோரியமும் பயன்படலாம் என்று வல்லரசுகள் கணக்குப் போட்டன. உலகத்திலுள்ள யுரேனியத்தையும் தோரியத்தையும் தங்கள் கைக்குள் வைத்துக்கொள்ள அமெரிக்காவும் பிரிட்டனும் 1944-லேயே ஒரு கூட்டு அமைப்பை ரகசியமாக ஏற்படுத்தியிருந்தன. அவர்கள் கண் திருவிதாங்கூர் மணலின் மேலும் விழுந்தது. 1947-ல் மோனசைட் தருவது பற்றி பிரிட்டனும் திருவிதாங்கூரும் ஒப்பந்தம் பேசின. நேருவின் இடைக்கால அரசாங்கம் அதைக் கண்டு கொதித்தது.

மீன்பிடிக்கிற மக்கள் வலை காயப்போடும் மணல் அது. ஆனால் அதன் விலையைப் பேசியவர்கள் லண்டனில் இருந்தார்கள்.

திவானின் கணக்கு

சி. பி. யைப் பற்றி நியாயமாகப் பேச வேண்டும். அவர் சாதாரண மனிதர் அல்ல. சென்னையில் பெயர்பெற்ற வழக்கறிஞர். அன்னி பெசன்ட் அம்மையாரின் ஹோம்ரூல் இயக்கத்தில் நின்றவர். அவர் காலத்தில்தான் 1936 நவம்பர் 12-ல் ஆலயப் பிரவேச அறிக்கை வந்தது. நம் மலையில் பள்ளிவாசல் மின்நிலையம் 1940-ல் ஓடத் தொடங்கியதும் அவர் காலத்தில்தான்.

அவர் தமிழரும்கூட. இதை நாம் கவனிக்க வேண்டும். தமிழர் ஒருவர் திவானாக இருந்ததால் தோட்டத் தமிழனுக்கு என்ன கிடைத்தது? பேசும் மொழியை மட்டும் பார்த்து ஒருவரை நம் ஆள் என்று முடிவு செய்யக்கூடாது.

1946 ஜனவரியில் அவர் ஒரு அரசியல் திட்டம் கொண்டுவந்தார். வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை உண்டு. ஆனால் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த சபையால் திவானை நீக்க முடியாது. இதற்கு அமெரிக்க மாதிரி என்று பெயர். "அமெரிக்க மாதிரி அரபிக்கடலில்" என்று ஆலப்புழைத் தொழிலாளர்கள் கோஷம் போட்டார்கள்.

வயலார் சொன்ன பதில்

ஆலப்புழையில் கயிற்று ஆலைத் தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்டிருந்தார்கள். சேர்த்தலைப் பகுதியில் யுத்தகாலப் பஞ்சம் பல உயிர்களைத் தின்றிருந்தது. 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் பர்மா அரிசி நின்றுபோய், மரவள்ளிக் கிழங்கே சோறாகிப்போன காலம் அது. கூலி, உணவு என்று தொடங்கிய போராட்டம், திவான் ஆட்சி ஒழிய வேண்டும், பொறுப்பாட்சி வேண்டும் என்ற அரசியல் போராட்டமாக வளர்ந்தது.

1946 அக்டோபர் 22-ல் பொது வேலைநிறுத்தம். 24-ம் தேதி புன்னப்புரையில் போலீஸ் முகாமை நோக்கித் தொழிலாளர்கள் போனார்கள். மறுநாள் ராணுவச் சட்டம். 27-ம் தேதி வயலாரில் பட்டாளம் சுட்டது. தொழிலாளர்கள் கையில் இருந்தது கமுகு மரத்தைச் சீவிய ஈட்டி. எதிரே இருந்தது துப்பாக்கி. செத்தவர்கள் எத்தனை பேர் என்று இன்றுவரை ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். நூற்றுக்கணக்கானோர் என்பது மட்டும் நிச்சயம். செத்தவர்களை எண்ணிச் சொல்லக்கூட ஆளில்லாமல் போனது. இதையும் நாம் மறக்கக்கூடாது.

அந்தப் போராட்டம் அன்று தோற்றது. ஆனால் திவானின் ஆட்சிக்கு மக்கள் ஆதரவு இல்லை என்பதை உலகத்துக்குக் காட்டிவிட்டது. சுதந்திர நாடு என்று அவர் அறிவித்த பிறகு, ஜின்னா உறவு வைத்துக்கொள்ளத் தயார் என்றார். திவானும் பாகிஸ்தானுக்கு ஒரு பிரதிநிதியை அறிவித்தார். வெளியே ராஜதந்திரம் ஜோராக நடந்தது. உள்ளேயோ மக்கள் அவர் பக்கம் இல்லை. ஜூலை 13-ல் திருவனந்தபுரம் பேட்டையில் கூட்டத்தின் மேல் போலீஸ் சுட்டு உயிர்கள் போயின. ஜூலை 25-ல் ஒரு சங்கீத நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்த திவானை, சோஷலிஸ்டு கட்சியைச் சேர்ந்த கே. சி. எஸ். மணி வெட்டினார். திவான் பிழைத்துக்கொண்டார். ஆகஸ்டு 1 முதல் நேரடிப் போராட்டம் என்று ஸ்டேட் காங்கிரஸ் நாள் குறித்திருந்தது. அந்த நாள் வருவதற்குள், ஜூலை முடிவதற்குள், இந்தியாவோடு சேருவதாக மகாராஜா மவுண்ட்பேட்டனுக்குத் தெரிவித்தார். ஆகஸ்டு 19-ல் திவான் பதவியை விட்டுப் போனார்.

மவுண்ட்பேட்டனின் பேச்சுச் சாமர்த்தியத்தால்தான் திருவிதாங்கூர் இந்தியாவில் சேர்ந்தது என்று எழுதுகிறவர்கள் உண்டு. வெட்டரிவாளால்தான் சேர்ந்தது என்பவர்களும் உண்டு. நாம் சொல்வது வேறு. தனி நாடு கேட்ட திவானுக்காக ஒரு கயிற்றுத் தொழிலாளியும் தெருவில் இறங்கத் தயாராக இல்லை. அதனால்தான் வல்லரசுகள் கண்வைத்த மணலும் அவரைக் காப்பாற்றவில்லை.

மேஜையில் நாற்காலி இல்லாதவர்கள்

சரி, சாம்ராஜ்யம் போனது, திவானும் போனார். நமக்கு என்ன வந்தது?

மணலுக்குக் கணக்கு வந்தது. 1950-ல் அரசாங்கமே அரிய மணல் கம்பெனி தொடங்கியது. 1952-ல் ஆலுவாயில் அதன் ஆலையை நேருவே திறந்துவைத்தார். மனிதர்களுக்கு?

1954-ல் மொழிவாரி மாநிலக் கிளர்ச்சி தெற்கே மூண்டது. நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. தேவிகுளம், பீர்மேட்டுக்காகவும் அது குரல் கொடுத்தது. ஆகஸ்டு 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டுத் தமிழர்கள் செத்தார்கள். அப்போது ஆண்டவர் திவான் அல்ல. திவானை எதிர்த்துச் சிறை சென்ற பட்டம் தாணுபிள்ளை!

1955-ல் மாநிலச் சீரமைப்புக் கமிஷன் அறிக்கை வந்தது. தெற்கே நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்துக்கு என்றார்கள். தேவிகுளத்தில் தமிழர்களே பெரும்பான்மை. அதைக் கமிஷன் மறுக்கவில்லை. ஆனால் இவர்கள் தோட்ட வேலைக்கு வந்தவர்கள், நிலைகொள்ளாதவர்கள் என்ற காரணம் காட்டப்பட்டது. மலையின் பொருளாதார முக்கியத்துவமும் சேர்ந்து, தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன.

தோழர்களே, நம்மைத் தவறாக எண்ணிவிடக் கூடாது. எல்லையை இன்று மாற்று என்று நாம் கேட்கவில்லை. மலையாளத் தொழிலாளி நமக்கு எதிரியும் அல்ல. வயலாரில் செத்தவன் நம் சகோதரன். நாம் கேட்பது ஒன்றுதான்: பிறந்து, உழைத்து, இந்த மண்ணிலேயே புதைக்கப்பட்ட மூன்று தலைமுறையை "வந்து போகிறவர்கள்" என்று எழுத எப்படி முடிந்தது? நம் இருப்புக்கு நம் கையில் சாட்சி இல்லாததால் முடிந்தது.

கடலுக்கு அப்பால் இதைவிடக் கொடுமை நடந்தது. இலங்கை சுதந்திரம் பெற்ற அதே 1948-ல் குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து மலையகத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கினார்கள். 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று பிரித்தார்கள். தேயிலைப் பெட்டியைப் பங்கு போடுவது போல மனிதர்களைப் பங்கு போட்டார்கள். எந்த லயத்திலும் போய், "அம்மா, உனக்கு எங்கே இருக்க விருப்பம்?" என்று கேட்டுவிட்டு அந்த எண்களை எழுதவில்லை.

இனி நாம் செய்ய வேண்டியது

"வந்து போகிறவர்கள்" என்ற அந்தச் சொல் இன்னும் சாகவில்லை. பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டு அலுவலகத்துக்குப் போகும் நம் பிள்ளைகளிடம், 1950-க்கு முன்பே குடும்பம் இந்த மாநிலத்தில் இருந்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். ஆதாரம் இல்லாத பிள்ளைக்குப் படிப்புச் சலுகை நின்றுபோகிறது. வேலை முடிந்து ஓய்வு பெற்றால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். பிறகு எங்கே போவது என்ற கேள்வி வீட்டுக்கு வீடு இருக்கிறது.

எனவே முதல் வேலை, ஒவ்வொரு குடும்பமும் தன் காகிதங்களைச் சேர்க்க வேண்டும். தாத்தாவின் பழைய செக்ரோல் சீட்டு, பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவு, ஞானஸ்நானப் பதிவு, பழைய வாக்காளர் பட்டியல், எதுவும் வீண் அல்ல. டிரங்குப் பெட்டியில் கரையான் தின்ன விடாதீர்கள். படிக்கத் தெரிந்த பிள்ளைகள் அவற்றைப் படியெடுத்து, தாத்தா எந்த ஊரிலிருந்து எந்த வருஷம் மலையேறினார் என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைக்க வேண்டும்.

இரண்டாவது வேலை ஒற்றுமை. 2015 செப்டம்பரில் மூணாறில் நம் பெண்கள் என்ன செய்தார்கள்? 20 சதவீத போனஸ் கேட்டு, பழைய தலைவர்களை ஒதுக்கி வைத்துவிட்டு, பெம்பிளை ஒருமை என்று தாங்களே சாலையில் உட்கார்ந்தார்கள். ஒன்பது நாளில் கேட்ட போனஸைப் பெற்றார்கள். நமக்காக யாரோ பேசட்டும் என்று காத்திருந்தபோது கிடைக்காதது, நாமே போய் உட்கார்ந்தபோது கிடைத்தது.

1878-ல் பல்கேரியனுக்கும் முதுவனுக்கும் நாற்காலி இல்லை. 1947-லும் 1955-லும் 1964-லும் தோட்டத் தமிழனுக்கு நாற்காலி இல்லை. ஆளுகிறவர்கள் மாறும்போதெல்லாம் மேஜையும் மாறும். அடுத்த முறை அந்த மேஜையில் நம்மைப் பற்றிப் பேச்சு வரும்போது, ஒரு கையில் நம் காகிதமும் மறு கையில் நம் சங்கமும் இருக்கட்டும். அதற்கான முதல் பெயர்ப் பட்டியலை வரும் ஞாயிற்றுக்கிழமை சூரியநெல்லி லயங்களில் நம் சங்கத் தோழர்கள் எடுக்கத் தொடங்குகிறார்கள். கதவைத் திறந்து வையுங்கள்.